ஆயுத பூஜைப் படங்கள்

மோகனப்ரியா அந்தக் கம்பெனியில் சேர்ந்து அது இரண்டாவது ஆயுத பூஜை. ஓசூர் சிப்காட்டில் கார்களுக்கு முகப்பு விளக்கு செய்கிற கம்பெனி. டிப்ளமோ முடித்த கையோடு தரப் பரிசோதனைப் பிரிவில் எடுத்திருந்தார்கள். பொங்கலுக்குள் வேலை நிரந்தரமாகிவிடும் என்றும் சொல்லியிருந்தார்கள். அருப்புக்கோட்டையிலிருந்து பிழைக்க வந்த அவள் குடும்பத்தில், கம்பெனி அடையாள அட்டையைக் கழுத்தில் மாட்டிய முதல் ஆள் அவள்தான்.

பூஜையன்று இயந்திரங்களைத் துடைத்து, சந்தனம் குங்குமம் வைத்து, வாழைக்கன்று கட்டியிருந்தார்கள். பிரிவு மேலாளர் நாராயணப்பன் புதிதாக வாங்கிய டிஜிட்டல் கேமராவோடு வந்திருந்தார். பூசணிக்காய் உடைத்ததும் எல்லோரையும் நிற்க வைத்துப் படம் எடுத்தார். தன்னையும் எடுக்கச் சொன்னார். கிளம்பும்போது கேமராவின் மெமரி கார்டைக் கழற்றி மோகனப்ரியாவிடம் நீட்டினார்.

"ஏம்மா, நீ ஆர்குட்ல இருக்கற இல்ல? இதெல்லாம் ஏத்தி வுடு. பெங்களூர்ல என் மச்சான் பாக்கணும்னு கேட்டுட்டே இருக்கறான்."

"கம்பெனி போட்டோ போடலாங்களா சார்?"

"பூஜை போட்டோதானம்மா. இதுக்கெல்லாமா பர்மிஷன் கேப்பாங்க?"

அடுத்த நாளே ஆர்குட் இணையதளத்தில் அவளுடைய பக்கத்தில், போட்டோ இன்னும் போடவில்லையா என்று எழுதிவிட்டார். ஞாயிற்றுக்கிழமை பாகலூர் சாலையில் ஒரு பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து அவள் படங்களை ஏற்றினாள். கூட வேலை செய்யும் பிரதாப் பக்கத்து நாற்காலியில் இருந்தான். மேலாளர் எழுதியதைக் காட்டியதும் சிரித்தான். "நம்ம சாருக்கு அவசரத்தப் பாரு. அவரு படத்த மொதல்ல போடு."

பிரிவில் இருந்த அத்தனை பேரும் படங்களுக்குக் கீழே 'சூப்பர்' என்று எழுதினார்கள். நாராயணப்பனும் எழுதினார்.

அவர் நின்றிருந்த படத்தில், அவருக்குப் பின்னால் மேசை மேல் ஒரு முகப்பு விளக்கு இருந்தது. இன்னும் சந்தைக்கு வராத காருக்கானது. அது வெளியாள் கண்ணில் படவே கூடாது. யாரும் அதைக் கவனிக்கவில்லை. தீபாவளி கழிந்ததும், கார்ப் பைத்தியம் பிடித்த யாரோ ஒருவர் அந்த மூலையை மட்டும் வெட்டி எடுத்து, புது மாடல் இப்படித்தான் இருக்கும் என்று வேறொரு இணையதளத்தில் போட்டுவிட்டார். சென்னையிலிருந்து கார் கம்பெனிக்காரர்கள் போன் செய்தார்கள்.

எச்.ஆர். அறைக்கு மோகனப்ரியாவை அழைத்தார்கள். நாராயணப்பன் ஏற்கெனவே அங்கே உட்கார்ந்திருந்தார்.

"யாரக் கேட்டும்மா போட்ட?" என்றார் எச்.ஆர். அதிகாரி.

"சார்தான் போடச் சொன்னாரு."

நாராயணப்பன் அவளைப் பார்க்கவில்லை. அதிகாரியிடம் பேசினார். "பிரிண்ட் போட்டுக் குடுன்னு கார்டக் குடுத்தன் சார். இந்தக் காலத்துப் புள்ளைங்க எதக் குடுத்தாலும் நெட்ல போட்டுர்றாங்க."

"நீங்களே என் பக்கத்துல எழுதியிருக்கீங்களே சார்."

அதிகாரி கணினியை அவள் பக்கம் திருப்பினார். அவள் தன் பக்கத்தைத் திறந்து கீழே கீழே தள்ளிப் போனாள். தோழி அனுப்பிய தீபாவளி வாழ்த்து இருந்தது. அதற்கு முந்தைய ஜோக் ஒன்று இருந்தது. அவர் எழுதியது இல்லை. எழுதியவரே அழித்துவிடலாம் என்பது அவளுக்குத் தெரியும். அழிப்பார் என்று நினைக்கவில்லை. படங்களைத் திறந்தாள். ஒரு 'சூப்பர்' கூட மிச்சமில்லை. எல்லோரும் வந்து அவரவர் எழுதியதை எடுத்துக்கொண்டு போயிருந்தார்கள்.

"பிரதாப் பாத்தான் சார். அவனக் கேளுங்க," என்றாள்.

பிரதாப் வந்தான். உட்காரச் சொல்லியும் நின்றுகொண்டே பேசினான்.

"பக்கத்துலதான் இருந்தன் சார். அவங்க என்ன பண்ணாங்கன்னு நான் கவனிக்கல."

"மேனேஜர் எழுதினதக் காட்டினாங்களா?"

"ஞாபகம் இல்லீங்க சார்."

அவன் அவளை 'அவங்க' என்று சொன்னது அன்றுதான் முதல் முறை.

நீயே எழுதிக் கொடுத்துவிட்டுப் போனால் அனுபவச் சான்றிதழாவது கிடைக்கும் என்று அதிகாரி இதமாகத்தான் சொன்னார். சொந்தக் காரணங்களுக்காக விலகுவதாக எழுதிக் கையெழுத்துப் போட்டாள்.

வீட்டில் அம்மா இருளாயிக்கு விளங்கவே இல்லை. "அந்த மனுசன் சொல்லித்தான செஞ்ச? அத அங்கனயே சொல்ல வேண்டியதுதான?"

"சொன்னேன்மா."

"அங்கன இருந்தவய்ங்க என்ன சொன்னாய்ங்க?"

"ஞாபகம் இல்லன்னாங்க."

அது எல்லாக் கம்பெனிகளும் ஷிப்டைக் குறைத்துக்கொண்டிருந்த சமயம். ஒரே ஒரு இடத்தில் நேர்காணலுக்குக் கூப்பிட்டார்கள். கேள்வியெல்லாம் முடிந்தபின், "அந்த போட்டோ போட்டது நீங்கதான?" என்று சிரித்தபடி கேட்டார்கள். டீ கொடுத்து அனுப்பினார்கள். மறுபடி கூப்பிடவில்லை.

மாம்பழ சீசனில் கிருஷ்ணகிரிக்கு வெளியே ஒரு மாங்கூழ் தொழிற்சாலையில் வேலை கிடைத்தது. கூழின் இனிப்பைச் சோதித்து எழுதும் வேலை. சீசன் முடிந்தால் அதுவும் முடிந்தது. தினமும் ஓசூரிலிருந்து பஸ்ஸில் போய் வந்தாள். எவ்வளவு தேய்த்துக் குளித்தாலும் மாம்பழ வாசனை தலைமுடியை விட்டுப் போகவில்லை.

சீசனுக்குப் பிறகு என்ன செய்வது என்று வேறு வேலைகளுக்கு விண்ணப்பம் அனுப்ப பிரவுசிங் சென்டருக்குப் போனபோதுதான், வெகு நாள் கழித்து ஆர்குட்டைத் திறந்தாள். பிரதாப் அவளைப் பற்றி ஒரு பாராட்டுரை எழுதியிருந்தான். தமிழை ஆங்கில எழுத்தில் அடித்திருந்தான். மோகனா ரொம்ப நேர்மையான பொண்ணு, பொய்யே பேச மாட்டா, அவ எனக்கு பிரெண்டா கிடைச்சது என் அதிர்ஷ்டம். அதை அவள் ஏற்றுக்கொண்டால்தான் அவள் பக்கத்தில் மற்றவர்களுக்குத் தெரியும்.

வெளியே வந்து அவனுக்குப் போன் செய்தாள்.

"இத அன்னிக்கு அந்த ரூம்ல சொல்லியிருக்கலாமே பிரதாப்."

"சாருதான் எனக்கு கன்பர்மேஷன் போடணும் மோகனா. வீட்ல தங்கச்சி கல்யாணம் வேற. உனக்குத் தெரியாததா?"

"தெரியும். கன்பர்ம் ஆயிடுச்சா?"

"ஆயிடுச்சு." பிறகு தயங்கித் தயங்கிச் சொன்னான். "அத அக்செப்ட் பண்ணிரு மோகனா. நான்தான் உன்னக் காட்டிக் குடுத்தன்னு லைன்ல எல்லாம் ஒரு மாதிரி பேசறாங்க. நாம இன்னும் பிரெண்ட்ஸ்தான்னு தெரிஞ்சா விட்ருவாங்க."

அவள் போனை அணைத்தாள். உள்ளே போய் அவன் எழுதியதை நிராகரித்தாள். நண்பர் பட்டியலிலிருந்தும் அவனை எடுத்தாள். பிறகு, பாதியில் விட்டிருந்த விண்ணப்பத்துக்குத் திரும்பினாள். முந்தைய வேலையை விட்ட காரணம் என்று கேட்டிருந்த இடத்தில், சொந்தக் காரணம் என்று அடித்தாள்.