ரோசம்மாவுக்கு ஒரு மாலை

பொன்னுத்துரை சித்தப்பா ஸ்டூலில் ஏறி, சுவரில் இருந்த படத்துக்கு விபூதி பூசி, மாலையும் போட்டுக் கும்பிட்டார். அப்புறம்தான் கேட்டார்.

"யாரும்மா இது? அண்ணியோட அம்மாவா?"

அம்மாவின் தலைமாட்டில் அழுதுகொண்டிருந்த சத்யபாமாவுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்துவிட்டது. சாவு வீட்டில் இப்படியா? ஆனால் அம்மா மட்டும் எழுந்தால் அவள்தான் முதலில் சிரிப்பாள்.

"பேரு ரோசா, சித்தப்பா. அம்மாதான் ரோசம்மா ஆக்கிட்டாங்க. அமெரிக்காவுல கறுப்பு இனத்துப் பொம்பளை. பஸ்ஸுல வெள்ளைக்காரனுக்கு எடம் விடுன்னாங்க. எந்திரிக்க மாட்டேன்னு போலீசு கைது பண்ற வரைக்கும் உக்காந்திருந்தவங்க."

"அடி ஆத்தி, பேருக்கேத்த ரோசம்!"

"அதுக்கப்புறம் வீட்டு வேலை செய்றவங்க, துணி தொவைக்கிறவங்கன்னு அந்த ஊர்ப் பொம்பளைங்க பஸ்ஸே ஏறாம நடந்தாங்க. நடந்தே ஜெயிச்சாங்க."

பர்மாவில் தாமுவே என்ற பேட்டையின் சந்தைக்கு இட்லிக் கூடையோடு நடந்த அம்மாவுக்கு இந்தக் கதை என்றால் உயிர். போட்ட மாலையைக் கழற்றச் சித்தப்பாவுக்கு மனம் வரவில்லை.

அம்மாவை ஏற்றிப் போக வண்டி வந்தது. அப்பா இறந்தபோது அம்மாவைத் தெருமுனையோடு திருப்பி அனுப்பிவிட்டார்கள். பெண்கள் அதற்கு மேல் போகக் கூடாதாம். "எனக்கு நீதான் கொள்ளி வைக்கணும், பாமா. முனையில திரும்பிடாதே" என்று அம்மா சொல்லிக்கொண்டே இருப்பாள். சத்யபாமா ஒரே மகள். நேராகப் போய் டிரைவர் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"எந்திரிம்மா," என்றார் சித்தப்பா. "கொள்ளிய எம்மவன் சிவராஜ் வைப்பான்."

"மாட்டேன் சித்தப்பா."

பக்கத்து வீட்டு ஹமீதுன்னிசா முக்காட்டைச் சரிசெய்தாள்.

"அவளை எறக்கினா நாங்க எல்லாரும் நடந்தே வர்றோம் அண்ணே."

"ஊருக்கு வெளியில இருக்கிற யேவே சுடுகாடு வரைக்குமா?"

"ஏன், கால் இல்லியா?" வாசலில் நின்ற பெண்கள் செருப்பைத் தேடத் தொடங்கினார்கள்.

சித்தப்பா தலையைச் சொறிந்தார். விறுவிறுவென்று வீட்டுக்குள் போனார். கதவைச் சாத்தப் போகிறார் என்றுதான் சத்யபாமா பயந்தாள். அவர் மாலையோடு படத்தைத் தூக்கி வந்து அவள் மடியில் வைத்தார்.

"இந்த அம்மாவும் முன்னாலயே இருக்கட்டும்," என்றவர், பெண்களைப் பார்த்துக் கத்தினார். "மசமசன்னு நிக்காதீங்க. பின்னால ஏறுங்க!"

"யபாதே," என்று சிரித்தார் பர்மிய டிரைவர். அவருக்கு எல்லாமே பரவாயில்லைதான்.

தெருமுனை வந்தது. யாரும் இறங்கவில்லை.