தங்கச்சி எழுதிய பல்லவி

மஹய்யாவ குடியிருப்பு வாசிகசாலையில் கச்சேரி. தானே பாட்டுக் கட்டிப் பாடும் முருகேசு மேடையில் நின்றான். அவன் தங்கை அன்னகாமு, கூட வேலை செய்யும் பிரேமாவோடு கடைசி வரிசையில் இருந்தாள். பாடுபவன் தன் அண்ணன் என்றோ, தன் அம்மா தெருக் கூட்டுபவள் என்றோ அவளிடம் மூச்சுவிடவில்லை.

தெருக் கூட்டும் தன் அம்மாவைப் பற்றி முருகேசு பாடிய பாட்டுக்குக் கைதட்டல் ஓயவில்லை.

"இந்தப் பல்லவி என் தங்கச்சி எழுதினது. தங்கச்சி, எங்க இருக்க? எந்திரி!" என்றான் முருகேசு.

"யாரு அந்தத் தங்கச்சி? என்னமா எழுதியிருக்கா!" என்றாள் பிரேமா.

"யாருக்குத் தெரியும்?" அன்னகாமு குனிந்து செருப்பைத் தேடினாள்.

நிமிர்ந்தபோது, முன்வரிசையிலிருந்த அம்மா திரும்பி அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு மேடைப் பக்கம் திரும்பி, "அவ வரலப்பா. நீ பாடு," என்றாள்.

சபையே பல்லவியைச் சேர்ந்து பாடியது. கூனிக் குறுகி உட்கார்ந்திருந்த அன்னகாமுவுக்கு மட்டும் தான் எழுதிய வரியைப் பாட வாய் வரவில்லை.