பூஜை முடியாத ஐஸ் மெஷின்

2013 ஆயுத பூஜையன்று நிறுத்திய பென்னலூர் ஐஸ் மெஷினை அதன்பிறகு யாரும் போடவில்லை. அது உறைய வைத்த ஐஸும் உருகவில்லை.

அதற்கு முந்தைய வருஷம், கரண்ட் வந்தால்தான் செய்தி என்றிருந்த காலத்தில், கம்ப்ரசர் கம்பெனி லைனில் வேலை பார்த்த சங்கரன்கோவில் பெண் முத்துச்செல்விக்கு ஒரு கிறுக்குப் பிடித்தது. தகரக் கூரை ஹாஸ்டல்களில் வெந்துகொண்டிருந்த தொழிலாளர்களும் ஊர்ப் பிள்ளைகளும் ஒன்றாக வழுக்கி விளையாட, மூடிக் கிடந்த அரிசி மில்லில் ஒரு பனித்தளம் போட வேண்டும். பஞ்சாயத்துத் தலைவி கங்கா வயிறு வலிக்கச் சிரித்துவிட்டு மில்லைக் கொடுத்தாள். மில்லின் பழைய பதினைந்து குதிரைத்திறன் இணைப்பிலேயே ஓட வேண்டும், மீறினால் இடம், கிடங்குக்காக அதைக் கேட்டுக்கொண்டிருந்த கன்டெய்னர்காரனுக்கு என்பது நிபந்தனை. முத்துச்செல்வி லீவு நாளெல்லாம் படம் போட்டாள். அவள் ஊர் ஐஸ்காரர் ஐஸ் கட்டியை உமிக்குள் புதைத்து வைப்பார், ஆகவே தளத்துக்கு அடியில் முழங்கால் ஆழம் மில் உமியையே கொட்டினாள். கூரைக்குச் சுண்ணாம்பு அடித்தாள். ஐஸிலிருந்து மெஷின் உறிஞ்சும் சூட்டைக் குழாய் வழியே பக்கத்து ஹாஸ்டல் குளியல் தொட்டிக்கு அனுப்பினாள். முதல் தடவை உறைய வைக்க மட்டும் கல்யாண மண்டபத்து ஜெனரேட்டரை இரவல் வாங்கினார்கள். பிறகு மெஷின் பதினான்கரைக் குதிரைத்திறனிலேயே ஓடியது. சேஃப்டி ஷூவுக்கு அடியில் இரும்புப் பட்டை கட்டிக்கொண்டு ஊரே விழுந்து எழுந்தது. அவளுக்கு மூன்று நாள் சோறு இறங்கவில்லை, அவ்வளவு சந்தோஷம்.

ஆயுத பூஜையன்று மெஷினுக்கு ஓய்வு கொடுப்பது இந்தப் பக்கத்து வழக்கம். 2013-இல் அன்று காலையிலேயே எலக்ட்ரீஷியன் யாக்கோபு அதை நிறுத்த, கங்கா சுவிட்சுக்கே சந்தனம் குங்குமம் வைத்து, பூசணிக்காயும் உடைத்துவிட்டாள். ஐஸை யாரும் நினைக்கவில்லை. கம்பெனிப் பொரிப் பொட்டலத்தோடு மத்தியானம் வந்த முத்துச்செல்விக்கு உயிரே போய்விட்டது. உருகினால் மறுபடி உறைய வைக்க அந்த மண்டபத்து ஜெனரேட்டரும் இப்போது இல்லை, விற்றுவிட்டார்கள்.

"சுவிட்சப் போடுங்கண்ணே, எல்லாம் தண்ணியாப் போயிரும்."

"பூஜை போட்ட மெஷின்மா. நாளைக்கு எடுக்கறதுக்குள்ள கை வெச்சா கங்காம்மா என்னைச் சும்மா வுடுமா?"

"ஒரு நாள் அதுவும் ரெஸ்ட் எடுக்கட்டும், இன்னா இப்போ?" என்றாள் கங்கா.

முத்துச்செல்வி பொரியைக்கூடத் தொடாமல் தளத்தின் ஓரத்திலேயே உட்கார்ந்திருந்தாள். வெளியே வெயில் முப்பத்தாறு டிகிரி. ஒரு சொட்டும் கசியவில்லை. மறுநாள் காலை தெர்மாமீட்டர் மைனஸ் ஐந்து காட்டியது, ஹாஸ்டல் தொட்டியில் வெந்நீரும் வழக்கம்போல வந்தது. மூன்று தரம் பார்த்தாள். சுவிட்ச் வரை போன கையை எடுத்துக்கொண்டாள். பூஜைச் சாமான்களை எடுக்க வேண்டாம் என்று கங்காவிடம் சொல்லிவிட்டாள். எடுக்காதவரை பூஜை முடிந்ததாகக் கணக்கில்லை.

இரண்டு மாதம் கழித்துக் கணக்கெடுக்க வந்த மின்வாரியத்து நயினார், ஓடாத மீட்டரைப் பார்த்துத் திருட்டுக் கரண்ட் என்றே முடிவு கட்டினார். ஃப்யூஸைப் பிடுங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, ஐஸ் உருகட்டும் என்று நாற்காலி போட்டு உட்கார்ந்தார். சாயங்காலம் யாக்கோபுவிடம் போர்வை கேட்டார். இப்படி ஒன்றுக்கு வாரியத்தில் குறியீடு கிடையாது என்பதால், மீட்டர் கணக்கு எழுதும் வெள்ளை அட்டையில், ஆளில்லாத வீட்டுக்கு எழுதுவதுபோல 'கதவு பூட்டு' என்று எழுதிவிட்டுப் போனார்.

இப்போது 2015 முடியப்போகிறது, அந்த அட்டையில் இன்னமும் 'கதவு பூட்டு' என்றே இருக்கிறது. இரண்டு மாதத்துக்கு ஒருமுறை நயினார் உள்ளே வந்து அதை எழுதி, பட்டை கட்டிய ஷூவை மாட்டிக்கொண்டு நாலு சுற்று வழுக்கிவிட்டுத்தான் அடுத்த தெருவுக்குப் போகிறார்.