ஒரே முனையில் இருவர்

1

இந்தக் கதை ஒரு பேருந்தால் வந்தது. மைதானத்து வேலிக்கு வெளியே நான் பேருந்துக்காக நின்றுகொண்டிருந்தேன். உள்ளே இரண்டு மட்டையாளர்கள் ஒரே முனையில், மட்டையை நீட்டியபடி குப்புறக் கிடந்தார்கள். எதிர்முனையில் ஸ்டம்புகள் சாய்ந்துவிட்டன. இருவரில் ஒருவர் வெளியேறியாக வேண்டும். யார் என்று தெரிவதற்குள் என் பேருந்து வந்துவிட்டது, ஏறிவிட்டேன். தெரிந்திருந்தால் எழுதியிருக்க மாட்டேன்.

2

'அவர் ஒரு மாபெரும்...' இல்லை. மாபெரும் ஆட்டக்காரர் என்றால் நமக்கு முன்பே தெரிந்திருக்குமே.

'தேசிய அணிக்கு ஒருமுறை பெயர் அடிபட்டு...' இதுவும் வேண்டாம். முதல் வரியிலேயே பரிதாபம் வந்து உட்கார்ந்துகொள்ளும்.

இப்படி வைத்துக்கொள்வோம்: பல வருடங்களாக உள்ளூர்ப் போட்டிகளில் ஐந்தாவதாக இறங்குபவர். காலி நாற்காலிகளுக்கு முன்னால் ஆடியே காதோரம் நரைத்தவர். இதுதான் அவருக்கு வேலை, சம்பளம், எல்லாம்.

எதிர்முனையில் இருப்பவனை முதலில் வெறும் போட்டியாளனாக எழுதினேன். கதை நகரவில்லை. அவர் மனைவியின் தம்பியாக மாற்றினேன். உடனே இருவரும் பேச ஆரம்பித்துவிட்டார்கள். (அவன் அழைப்பதுபோல் நானும் இனி அவரை 'மாமா' என்றே எழுதுகிறேன்.) அடுத்த ஆண்டு அணியில், நடுவரிசையில் ஓர் இடம்தான் இருக்கிறது. இந்த ஆட்டத்தைப் பார்த்துத்தான் தேர்வாளர்கள் முடிவு செய்வார்கள்.

காலையில் கார் சாவியை நீட்டியபடி மனைவி சொல்கிறாள்:

"ஒண்ணாப் போறீங்க, ஒண்ணாத்தான் வரணும். மூஞ்சியத் தூக்கி வெச்சுக்கிட்டுத் தனித்தனியா வந்தா கதவே தொறக்க மாட்டேன்."

"உன் தம்பிகிட்ட சொல்லு."

"அவன் சின்னப் பையன்."

"ஆமா, தாடி வெச்ச சின்னப் பையன்!"

3

ஓட்டத்துக்கு அழைப்பது யார்? இதை விளக்குவதில் எனக்குத் தனி ஆசை. அடித்த பந்து முன்னால் போனால் அடித்தவர் அழைப்பார். முதுகுக்குப் பின்னால் போனால் அவருக்குத் தெரியாது; அப்போது அழைப்பு எதிர்முனைக்காரருடையது. அடித்தவர் நம்பி ஓட வேண்டும். திரும்பிப் பார்த்தால் ஒரு எட்டு போய்விடும்.

மாமா பந்தைப் பின்னால் தட்டிவிட்டார். மச்சான் "வாங்க" என்று கத்திவிட்டு நாலடி ஓடினான். பந்து எதிரணி ஆள் கையில் இருப்பதைப் பார்த்ததும் வந்த வழியே திரும்பினான். மாமா ஏற்கெனவே பாதி தூரத்தில். இருவரும் ஒரே கோட்டுக்குப் பாய்ந்தார்கள்; மாமா விட்டுவந்த முனையில் ஸ்டம்புகள் சாய்ந்தன.

இருவர் ஒரே முனையில் சேர்ந்தால், கோட்டுக்குள் முதலில் வந்தவருக்கே அந்த முனை. மற்றவர் அவுட். நடுவரோ பந்து பறந்த திசையைப் பார்த்துக்கொண்டிருந்தார். கேமரா கிடையாது. மண்ணில் கிடக்கும் இருவருக்கு மட்டுமே தெரியும்.

"நீதானடா கூப்பிட்டே?"

"நின்னுடுங்க மாமான்னும் கத்தினேனே."

"அந்த மரியாதைய நீ சொல்லி முடிக்கறதுக்குள்ள நான் இங்க வந்துட்டேன். 'நோ'ன்னு ஒரு வார்த்தை போதும்டா!"

"மரியாதையில்லாமக் கத்தினா அக்கா உதைக்கும்."

இருவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அப்போதுதான் நடுவர் குனிந்து கேட்டார்: "யாருப்பா முதல்ல?"

சிரிப்பு நின்றது.

4

முதல் முடிவில் மாமா எழுந்து நடந்தார். நீங்கள் கைதட்டுவீர்கள் என்று தெரிந்ததும் அதைக் கோடு போட்டு அடித்துவிட்டேன். கோட்டை முதலில் தாண்டியது அவர் மட்டைதான். தியாகம் என்று பெயர் சூட்டி ஒருவரின் பிழைப்பைப் பிடுங்க எனக்குக் கை வரவில்லை.

இன்னொன்றில் மச்சான், "மாமாதான் முதல்ல சார்" என்றான். நியாயம்தான். ஆனால் அந்த வயதில், அந்த ஓர் இடத்துக்காக நானாக இருந்திருந்தால்...

(இந்த வாக்கியம் இப்படியே இருக்கட்டும்.)

5

மச்சான் கையுறையை அவிழ்க்கிறான், மறுபடி மாட்டுகிறான். மாமா அவன் வாயையே பார்க்கிறார். நடுவர் காத்திருக்கிறார். என் எழுத்து இந்த இடத்தைத் தாண்டி ஓட மாட்டேன் என்கிறது.

யார் வெளியேறுவது என்று நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். ஒரு நிபந்தனை: ஆட்டம் முடிந்ததும் இருவரும் அந்தக் காரில் ஒன்றாகத்தான் திரும்ப வேண்டும். காருக்குள் வாயை முதலில் திறப்பது யார், என்ன சொல்கிறார் என்பதையும் எழுத வேண்டும்.

கைகழுவுகிறேன் என்று நினைக்காதீர்கள். அன்று பேருந்தில் ஏறிய நொடியிலேயே பந்து என் முதுகுக்குப் பின்னால் போய்விட்டது. நீங்கள் எதிர்முனையில் நிற்கிறீர்கள். அழைப்பு உங்களுடையது.