செல்லாத ஓட்டு

"பொத்துடி வாய! லைன் பூராவும் கேக்கோணுமா?"

ஹெல்மெட்டை இரண்டாம் முறை ஓங்கிக்கொண்டே பாலகுமார் கத்தினான். முதல் அடியிலேயே தங்கை அமுதவல்லியின் இடது புருவம் கிழிந்து, ரத்தம் வழிந்து கண்ணை மூடிவிட்டது. அடுப்படியிலிருந்து ஓடி வந்த வீராயி மகள்மேல் விழுந்தாள். விழுந்தவள் மகளின் தலையை அல்லவா மறைத்திருக்க வேண்டும்? அவள் கை நேராகப் போய் மகளின் வாயைப் பொத்தியது. இருபத்தைந்து வருடமாக ஏற்காட்டு மலையில் அந்த எஸ்டேட் லைன் வீட்டில் குடித்தனம் செய்தவள் அவள். அடி விழலாம், சத்தம் மட்டும் வெளியே போகக் கூடாது என்றே அவளும் பழகியிருந்தாள். ஹெல்மெட் மறுபடி இறங்கியது. மகளின் பல் ஒன்று உடைந்தது வீராயியின் உள்ளங்கைக்கே தெரிந்தது.

"போதும்டா, உட்ரா," என்றார் கதவோரம் நின்ற கருப்பண்ணன். பெற்ற தகப்பன். அந்தக் குரல் அவருடைய சட்டைப் பொத்தானைத் தாண்டியிருக்காது.

அப்படி என்ன குற்றம் செய்துவிட்டாள் அந்தப் பெண்? திருடினாளா, குடியைக் கெடுத்தாளா? சேலத்தில் தான் படிக்கிற பல்கலைக்கழகத்தில் மாணவர் பேரவைத் தலைவர் தேர்தலுக்கு நின்றாள். அவ்வளவுதான்.

நின்றதற்குக் காரணம் அவளோடு விடுதியில் தங்கியிருக்கும் கரடியூர் ஜோஸ்லின். பெண்கள் விடுதியின் கேட்டை மாலை ஆறு மணிக்குப் பூட்டிவிடுவார்கள். அதன்பிறகு எவளாவது வெளியே போக வேண்டுமென்றால் தகப்பன் போன் போட்டுச் சொல்ல வேண்டும். போன மழைக்காலத்தில் ஜோஸ்லினுக்கு வயிற்றுவலி வந்து சுருண்டு விழுந்தாள். கரடியூரில் அன்றைக்குச் சிக்னல் இல்லை. தகப்பன் மனுவேல் கிடைக்கிறவரை மூன்று மணி நேரம் கேட் திறக்கவில்லை. குடல்வால் வெடித்து, பதினெட்டு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்து, எப்படியோ பிழைத்து வந்தாள். அந்தக் கேட்டைத் திறக்க வைப்பேன் என்பதுதான் அமுதவல்லி கொடுத்த ஒரே வாக்குறுதி. அதைக் கேட்ட பெண்கள் கூட்டம் கூட்டமாக அவள் பக்கம் சாய்ந்தார்கள்.

எதிரே நின்றவன் கார்த்திக். சேலத்துப் பையன், சுற்றிலும் எப்போதும் பத்துப் பேர். பெண்கள் ஓட்டுக் கைவிட்டுப் போகிறது என்று தெரிந்ததும் அவன் ஆட்கள் அமுதவல்லியின் படம் போட்ட நோட்டீஸ்களை அள்ளிக்கொண்டு போய் ஆண்கள் கழிப்பறையில் வரிசையாக ஒட்டினார்கள். உதட்டில் சிவப்பு மையைத் தீட்டி, கீழே அவள் போன் நம்பரையும் எழுதினார்கள். அதற்கு எதிரே நின்று அதன்மேல் அசிங்கம் செய்து, அதை வீடியோவும் எடுத்து, ஏற்காடு வரைக்கும் அனுப்பிவைத்தார்கள். படித்த பிள்ளைகள்!

எஸ்டேட் ஜீப் ஓட்டும் பாலகுமாரின் போனுக்கும் அது வந்தது. சனிக்கிழமை வண்டியை எடுத்துக்கொண்டு மலை இறங்கினான். கார்த்திக்கை அடிக்கப் போனவனை ஆறு பேர் சேர்ந்து சாத்தி அனுப்பினார்கள். வாங்கிய அடியை எங்காவது இறக்கி வைக்க வேண்டுமே! ஞாயிற்றுக்கிழமை தங்கை வீட்டுக்கு வந்திருந்தாள். கைக்கு எட்டினாள்.

"உன்ற மூஞ்சியக் கண்ட சொவத்துல ஒட்டச் சொல்லி ஆருடி கேட்டா? எத்தனை பேரு பாத்தானுங்க தெரியுமா?"

அமுதவல்லி ரத்தத்தோடு பல்லைத் துப்பினாள். "ஒட்டுனது அவன். பல்லு ஒடஞ்சது எனக்கு. இது என்ன நாயம்ணா?"

நியாயத்தைப் பற்றி அவனிடம் போய்க் கேட்டால்? இதே தங்கை வயதுக்கு வந்தபோது வாழவந்தி பஸ் ஸ்டாப்பில் பத்தடி உயரத்துக்குப் பிளக்ஸ் வைத்தவன் அவன்தான். பன்னிரண்டு வயதுப் பிள்ளையின் முகத்தைப் போட்டு, சுற்றிலும் கூலிங் கிளாஸ் மாட்டிய தன் கூட்டாளிகள் படத்தையும் போட்டு, போகிற வருகிற பஸ்ஸெல்லாம் பார்க்கும்படி கட்டினான். அன்றைக்குப் போகாத மானம், படித்த பெண் ஓட்டுக் கேட்டு ஒரு நோட்டீஸ் அடித்ததும் போய்விட்டதாம்.

"அப்பா, பேப்பர எடுங்க. கையெழுத்துப் போடுங்க," என்றான் பாலகுமார்.

அந்தப் பல்கலைக்கழகத்தில் ஒரு விதி உண்டு. பையன்கள் தேர்தலுக்கு நிற்க யாரையும் கேட்க வேண்டியதில்லை. பெண் நிற்க வேண்டுமென்றால் தகப்பன் சம்மதக் கடிதம் கொடுக்க வேண்டும். அவர் அதைத் திரும்பப் பெற்றால் வேட்பு மனுவும் போச்சு. பத்து நாளுக்கு முன்னால் கருப்பண்ணன் ஆசையாகத்தான் கையெழுத்துப் போட்டார். டீக்கடைக்காரர் பெருமாளிடம்கூட, "எம்புள்ள தலைவரா வரப் போகுது," என்று சொல்லிச் சிரித்தார். இப்போது அவர் மனைவி முகத்தைப் பார்த்தார்.

வீராயி என்ன சொன்னாள் தெரியுமா? "போட்டுக் குடுத்துருங்க. அடி நிக்கட்டும்."

கருப்பண்ணன் போட்டார்.

திங்கட்கிழமை விடிந்ததும் பாலகுமார் கதவை வெளியே நாதாங்கி போட்டுப் பூட்டிவிட்டு, கடிதத்தோடு பைக்கில் கிளம்பிவிட்டான். கருப்பண்ணன் அதற்கு முன்பே காட்டு வேலைக்குப் போயிருந்தார். வீராயி வெந்நீரில் உப்புப் போட்டு மகளின் வாயைக் கொப்பளிக்க வைத்தாள். பாத்திரத்தில் விழுந்த தண்ணீர் இன்னும் சிவப்பாகவே இருந்தது.

"நொம்ப வலிக்குதா கண்ணு?"

"நேத்து நீ எதுக்கும்மா என்ற வாயப் பொத்துன? நான் கத்திருந்தா பக்கத்து ஊட்டுக் கண்ணம்மாக்கா ஓடி வந்திருக்கும். ரெண்டாவது அடி உழுந்திருக்காது."

மகள் கோபமாகக்கூடச் சொல்லவில்லை. வீராயிக்கு இத்தனை வருடம் புருஷனிடம் தான் வாங்கிய அடியெல்லாம் நினைவுக்கு வந்தது. ஒருநாள்கூட யாரும் ஓடி வரவில்லை, எப்படி வருவார்கள்? அவள் எழுந்து போய் ஆட்டுரலிலிருந்து குழவியைத் தூக்கி வந்தாள். நான்காம் இடியில் நாதாங்கி கழன்று, கதவு பலகையோடு பிய்ந்து விழுந்தது. லைனே வெளியே வந்து பார்த்தது.

"கெளம்பு சாமி. உன்ற மனுவுக்கு இன்னிக்கு மூணு மணி வரைக்கும் நேரமிருக்குதுன்னு சொன்னயில்ல?"

பஸ்ஸில் எல்லோர் கண்ணும் அமுதவல்லியின் முகத்தில்தான். அடிவாரத்தில் ஏறிய ஒரு பெண் பக்கத்தில் உட்கார்ந்து, "ஏங்கண்ணு, படியில உழுந்துட்டயா?" என்றாள். ஆமாம் என்று சொல்ல வீராயி வாயைத் திறந்தாள். அதற்குள் அமுதவல்லி, "இல்லைங்க, எங்கண்ணன் அடிச்சுப்போட்டான்," என்றாள், டிரைவருக்குக் கேட்கிற மாதிரி. அந்தப் பெண் முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

தேர்தல் அலுவலர் பேராசிரியை வனிதாவின் மேஜைமேல் கருப்பண்ணனின் கடிதம் ஏற்கெனவே வந்து உட்கார்ந்திருந்தது. வனிதா அமுதவல்லியின் முகத்தை ஒருதரம் பார்த்தார். உடனே கண்ணைக் கடிதத்துக்கு மாற்றிக்கொண்டார்.

"உங்கப்பா வாபஸ் வாங்கிட்டாரேம்மா. நான் ஒண்ணும் பண்ண முடியாது."

"எனக்கு இருபத்தொண்ணு வயசாச்சுங்க மேடம். போன எலெக்சன்ல ஓட்டுப் போட்டனுங்க. அப்பன்கிட்டச் சீட்டு வாங்கிட்டு வான்னு அங்க ஒருத்தரும் கேக்கலைங்க."

"விதி அப்படி."

வீராயி முன்னே வந்தாள். கன்றிய பெருவிரலை நீட்டினாள். "பெத்தவ நானுங்க. நான் சம்மதிக்கறன். மை டப்பாவக் குடுங்க, கைநாட்டு வெக்கறன்."

"அப்பா இருக்கறப்ப அம்மாவோடது செல்லாதும்மா. அப்பா காலமாயிருந்தாத்தான் அம்மா போடலாம்."

"அப்ப அவரு செத்தாத்தான் நான் இவளுக்கு அம்மாங்களா?"

வனிதாவுக்கும் அம்மா இருந்திருப்பாள், மகளும் இருக்கலாம். சிவப்புப் பேனாவை எடுத்து அமுதவல்லியின் பெயர்மேல் ஒரு கோடு போட்டார். ஸ்கேல் வைத்து, நேராக.

வெளியே வராண்டாவில் ஒரு காட்சி காத்திருந்தது. பாலகுமார் கையில் டீ கிளாஸ். அவன் தோளில் கார்த்திக்கின் கை. சனிக்கிழமை அடித்த ஆறு பேரும் சுற்றி நின்று சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

"பொம்பள வெவகாரத்துக்கு நமக்குள்ள எதுக்குங்ணா சண்டை?" என்று கார்த்திக் சொல்லிக்கொண்டிருந்தான். "இனி உங்க தங்கச்சி எங்களுக்கும் தங்கச்சி மாதிரி."

பாலகுமார் திரும்பினான். தாயும் தங்கையும் நிற்பதைப் பார்த்ததும் டீ கிளாஸைக் கீழே போட்டுவிட்டுப் பாய்ந்தான். "ஆருடி கதவத் தொறந்துவுட்டது?" தங்கையின் தலைமயிரைப் பிடித்துச் சுவரில் மோதினான். புருவத்தில் காய்ந்திருந்த காயம் மறுபடி திறந்துகொண்டது.

வீராயி செருப்பைக் கழற்றினாள். மகன் முகத்தில் ஒன்று வைத்தாள். அவன் நம்பமாட்டாமல் பார்த்தான். இன்னொன்று வைத்தாள். "இது எப்பவோ உழுந்திருக்கோணும்டா! நேத்து என்ற கை பொத்த வேண்டியது உன்ற கழுத்த! பாவி, நான் பெத்த பாவி!" பிறகு அவளுக்கே கணக்குத் தெரியவில்லை. இத்தனை வருடத்து ஆத்திரமும் அந்த ரப்பர் செருப்பில் இறங்கியது. பாலகுமார் தாயின் கையைப் பிடித்து முறுக்கினான். எலும்பு நொறுங்குகிற மாதிரி வலித்தும் அவள் செருப்பை விடவில்லை.

வகுப்புகளிலிருந்து பெண்கள் ஓடி வந்தார்கள். முன்னால் வந்தவள் ஜோஸ்லின். கார்த்திக்கின் ஆட்கள் அவர்களைப் பிடித்துத் தள்ள, ஒருவன் நாற்காலியைத் தூக்கி எறிந்தான். ஜன்னல் கண்ணாடி நொறுங்கி ஜோஸ்லினின் உள்ளங்கையைக் கிழித்தது. காவலாளிகள் வந்து சேர்ந்தபோது தரையெல்லாம் கண்ணாடியும் ரத்தமும் டீயும்.

யாரை வெளியேற்றினார்கள் என்று நினைக்கிறீர்கள்? பாலகுமார் பதிவேட்டில் "பாதுகாவலர்" என்று எழுதிக் கையெழுத்திட்டு உள்ளே வந்தவன். அவனை உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்தார்கள். வீராயியை "வெளியாள்" என்று எழுதி, இரண்டு பேர் தோளைப் பிடித்துக் கேட்டுக்கு வெளியே கொண்டுபோய் விட்டார்கள்.

கேட்டுக்கு உள்ளே, துப்பட்டாவைச் சுற்றிய கையால் ஜோஸ்லின் போனை எடுத்தாள். "முகத்தக் கழுவிட்டு வாடி, ஆஸ்பத்திரிக்குப் போலாம்."

"போலாம். அதுக்கு முன்னாடி இப்படியே ஒரு படம் எடு," என்றாள் அமுதவல்லி.

ஒரு கண் வீங்கி மூடியிருந்தது, உதடு கிழிந்திருந்தது, பல் இருந்த இடத்தில் ஓட்டை. அந்தப் படத்துக்குக் கீழே அவள் ஒரே வரிதான் எழுதினாள்: "இதையும் கொண்டுபோய் ஒட்டுங்கள்." சாயங்காலத்துக்குள் அது எல்லா மாணவர்களின் போனிலும் இருந்தது. யாரும் அதைக் கழிப்பறையில் ஒட்டவில்லை.

வியாழக்கிழமை ஓட்டுப்பதிவு. சீட்டில் இரண்டே பெயர்கள். கார்த்திக், அப்புறம் யாருக்கும் அதிகம் தெரியாத மெல்வின். வெள்ளிக்கிழமை மதியம் எண்ணிக்கை. வீராயி அன்றைய வேலையை விட்டுவிட்டு முறுக்கிய கையில் கட்டோடு மலை இறங்கி வந்தாள். உள்ளே விட மாட்டோம் என்றார்கள். ரோட்டோரம் நின்று ஒலிபெருக்கியைக் கேட்டாள்.

"மெல்வின், ஐம்பத்தாறு," என்று வனிதா வாசித்தார். "கார்த்திக், அறுநூற்றுத் தொண்ணூற்றொன்று." விசில் பறந்தது. "செல்லாதவை..." அவர் குரல் நின்றுவிட்டது.

"சத்தமாப் படிங்க மேடம்!" என்று உள்ளேயிருந்து ஒரு பெண் கத்தினாள்.

"செல்லாதவை, ஆயிரத்து இருநூற்றுப் பதினான்கு."

அத்தனை சீட்டிலும், அச்சடித்த இரண்டு பெயர்களுக்குக் கீழே, பேனாவால் ஒரே பெயரை எழுதியிருந்தார்கள். விதிப்படி கார்த்திக் வெற்றி பெற்றதாக அறிவித்தார்கள். மாலை விழுந்தது. பட்டாசு வெடித்தது. அவன் கைகூப்பிக்கொண்டு நடந்தான், வழியில் நின்ற பெண்களில் ஒருத்திகூட விலகவில்லை. அவன் ஆட்கள் இடித்துத் தள்ளித்தான் அவனைக் கூட்டிப்போக வேண்டியிருந்தது. போகிற போக்கில் பெண்கள் விடுதி ஜன்னல்கள்மேல் கல்லும் பாட்டிலும் விழுந்தன.

அமுதவல்லி கேட்டின் கம்பிக்கு அந்தப் பக்கம் வந்து நின்றாள். புருவத்துத் தையலைச் சுற்றி இன்னும் கறுத்திருந்தது.

"செல்லாததுன்னா என்ன கண்ணு?"

"எண்ணுவாங்கம்மா. ஆனா கணக்குல சேத்துக்க மாட்டாங்க."

வீராயி கம்பி வழியாகக் கையை விட்டு மகளின் கன்னத்தைத் தொட்டாள். "அடுத்த வருசமும் நில்லு சாமி," என்று மட்டும் சொல்லிவிட்டுப் பஸ் ஏறினாள்.

அவள் லைனுக்கு வந்து சேர்ந்தபோது பிய்ந்துபோன கதவைக் கருப்பண்ணன் கட்டுக்கம்பி போட்டுக் கட்டிக்கொண்டிருந்தார். மனைவி முகத்தைப் பார்க்கத் துணிச்சல் இல்லாமல், கம்பியை முறுக்கிக்கொண்டே கேட்டார்.

"என்னாச்சு வீராயி? ஆரு செயிச்சது?"

"உங்க கையெழுத்துத்தானுங்க," என்றாள் வீராயி.