சுவிட்சுக்குப் பக்கத்து இடம்

அன்றைக்குக் காலையிலும் கணவர் வெளிக்கதவைப் பூட்டிக்கொண்டு வேலைக்குப் போய்விட்டார். அவள் சமையலறையில்தான் இருந்தாள். போன் போட்டால், "நீ அப்பவே கெளம்பிட்டேன்னு நெனச்சேன்மா, ஒரு சத்தத்தையும் காணோமே" என்றாராம். மாற்றுச் சாவி எதிர்வீட்டம்மாவிடம் தயாராக இருந்தது. இது முதல் தடவையாக இருந்தால்தானே! திறந்துவிட்ட புண்ணியவதி சும்மா இருப்பாளா? "நீங்க வீட்ல இருந்தாலும் ஒண்ணுதான், இல்லாட்டியும் ஒண்ணுதான் போலிருக்கு" என்று சிரித்துவிட்டுப் போனாள். அதைத் தெரு முழுக்கச் சொல்லவும் செய்தாள்.

பள்ளிக்கூடத்தில் கதை வேறு. அங்கே அவள் ஒயர் டீச்சர். கொண்டையில் கிளிப்புக்குப் பதில் ஸ்க்ரூ டிரைவர். ஏழாம் வகுப்புக்குக் கைவேலையாக எந்திரம் செய்யச் சொல்லிக்கொடுக்கும் அந்தப் பின்கட்டு அறைக்குள் நுழைந்தால் போதும், அத்தனை தலைகளும் சட்டென்று திரும்பும். ஈயம் உருக்கி ஒயரை ஒட்டும் சால்டரிங் புகைக்குள்ளிருந்து "டீச்சர், இங்க வாங்க", "டீச்சர், எனக்கு முதல்ல" என்று பிய்த்தெடுப்பார்கள். அந்தத் திரும்பலுக்காகவே அவள் பிழைத்துக்கிடந்தாள் என்றால் மிகையில்லை. இப்போது அதற்கும் வேட்டு வருகிறது. பிள்ளைகள் செய்த காவல் பெட்டிகளை இன்று ஹெட்மிஸ்ட்ரஸ் பார்க்க வருகிறார். பிடித்தால் வகுப்பு இருக்கும். பிடிக்காவிட்டால் அறை பழைய பெஞ்சுகளுக்கு.

பெட்டிகள் நீள மேஜையில் வரிசையாக, வாசலோரத்துச் சுவிட்சுப் பலகையைப் பார்த்தபடி இருந்தன. சுவிட்சைப் போட்டதும் ஒவ்வொன்றும் எதிரே இருப்பதை அளந்து மனதில் வாங்கிக்கொள்ளும். அதற்கு அதுதான் காலி அறை. அப்புறம் அதில் எது கூடினாலும் சரி, குறைந்தாலும் சரி, கத்தும். அதனால் பிள்ளைகளையெல்லாம் வராந்தாவுக்கு விரட்டிவிட்டு அவள் சுவிட்சைப் போட்டாள். போட்டவள் அங்கேயே நின்றாள். பெட்டிகள் அளந்துகொண்டன. பிள்ளைகள் பின்வாசல் வழியாக வந்து மேஜைக்குப் பின்னால் நின்றார்கள்.

ஹெட்மிஸ்ட்ரஸ் வந்தார். பெட்டிகளுக்கு முன்னால் நடந்தார்; எல்லாம் கத்தின. விலகினார்; அடங்கின. அவர் முகத்தில் சிரிப்பு வந்து, பாதியில் நின்றது.

"ஆமா, நீங்க இவ்வளவு நேரமா அங்கதானே நிக்கிறீங்க? ஒங்களுக்கு ஏன் அடிக்கல?"

அப்போதுதான் அவளுக்கே உறைத்தது. காது சிவந்துவிட்டது. "தப்பு என்னோடதுதான் மேடம். அளக்கிறப்போ நானும் வெளிய போயிருக்கணும். இதுங்களுக்கு நான் இருந்தாத்தான் காலி அறை."

எதிர்வீட்டம்மா கேட்டிருந்தால் ஒரு வாரத்துக்குச் சொல்லிச் சொல்லிச் சிரித்திருப்பாள்.

வகுப்பிலேயே வாயாடியான, வாலு என்று எல்லாரும் கூப்பிடும் பெண் எட்டிப் பார்த்தாள். "அப்படின்னா நீங்க வெளிய போனா அறை மாறிடும்ல டீச்சர்? உடனே கத்தணுமே!"

"அதையும் பாத்துடுவோம். போங்க டீச்சர்" என்றார் ஹெட்மிஸ்ட்ரஸ்.

ஓரடி எடுத்து வைத்தால் வராந்தா. வைத்தாள். காதைத் தீட்டிக்கொண்டு நின்றாள்.

சத்தமில்லை.

பேட்டரி தீர்ந்திருக்குமோ? எல்லாவற்றிலும் ஒரே நேரத்திலா? பச்சை விளக்குகள் அத்தனையும் கண்கொட்டாமல் எரிந்தன. அவள் நின்ற இடத்தில் தரையும் சுவரும்தான். ஆனால் பெட்டிகளைக் கேட்டால் எதுவும் குறையவில்லை. யார் போனது என்று கேட்கும் போலிருந்தது. அவள் தன் கொண்டையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள், ஸ்க்ரூ டிரைவர் இருக்கிறதா என்று.

இருந்தது. அவசரமாக உள்ளே காலை வைத்தாள்.

அத்தனை பெட்டிகளும் வீறிட்டன.

"அப்பாடா, அடிச்சிடுச்சு!" ஹெட்மிஸ்ட்ரஸ் கைதட்டினார். "ஏதோ கொஞ்சம் லேட்டு, அவ்வளவுதான். வகுப்பு இருக்கட்டும், நடத்துங்க."

சொன்னது அவளைப் பார்த்தல்ல, சுவிட்சுப் பலகையைப் பார்த்து. சொல்லிவிட்டு, வாசலில் நின்றவளை ஒதுங்கச் சொல்லாமலே உரசிக்கொண்டு வெளியே போனார்.

அலறல் ஓயவில்லை. ஒரு தலையாவது திரும்பும் என்று அவள் ஒரு காலை உள்ளேயும் ஒரு காலை வெளியேயும் வைத்துக் காத்திருந்தாள். வாலு இரண்டு காதையும் பொத்திக்கொண்டு, சுவிட்சுக்குப் பக்கத்து வெற்றிடத்தை அண்ணாந்து பார்த்துக் கத்தினாள்:

"டீச்சர், யாரோ வந்திருக்காங்க டீச்சர்!"