கொளஞ்சி தூக்கிய கை

பச்சைமலை மாணவி கொளஞ்சி, ஸ்ரீரங்கத்தில் நடந்த கூட்டமொன்றில் பேச அனுமதி கேட்டு ஆவணி மாதம் வலது கையைத் தூக்கினாள். மார்கழி வரை அது இறங்கவில்லை. கூட்டம் நான்கு பள்ளிகளை நடத்தும் கல்விக் கழகத்தினுடையது. மாணவர் பக்கமும் கேட்க வேண்டும் என்று அந்த ஆண்டுதான் புதிதாக ஒரு நாற்காலி போட்டிருந்தார்கள். அதில் உட்காரலாம், தேங்காய் பர்பி சாப்பிடலாம், வந்ததற்குக் கையெழுத்தும் போடலாம். பேச மட்டும் கையைத் தூக்கித் தலைவர் கூப்பிடும்வரை காத்திருக்க வேண்டும். தலைவர் சௌரிராஜன் பரம மரியாதைக்காரர். "கடைசியில கூப்பிடறேன்மா" என்றார். கடைசியில் காபி வந்தது, நன்றியுரை வந்தது. அதற்கு முன்பே, பொங்கல் கழிந்ததும் நான்கு பள்ளிகளிலும் காலை எட்டு மணிக்கு வகுப்பு என்று தீர்மானமும் ஆகிவிட்டது. கொளஞ்சி படித்த மலையடிவாரப் பள்ளிக்குக் காலையில் ஒரே பஸ். ஒன்பதேகாலுக்கு முன்னால் அது வந்ததாகச் சரித்திரமே இல்லை. பிளஸ் டூ பரீட்சைக்கு இரண்டு மாதம் முன்னால் அவள் படிப்பு நின்றுபோகும் என்பதுதான் அந்தத் தீர்மானத்துக்கு அர்த்தம்.

டாக்டர் எக்ஸ்ரே எடுத்துப் பார்த்து, எலும்பில் கோளாறு இல்லை, கூப்பிட்டால் இறங்கிவிடும் என்று சொல்லித் தைலம் எழுதிக் கொடுத்தார். அம்மா சோறு ஊட்டினாள். தையல்காரர் சுடிதாருக்குத் தோளில் கொக்கி வைத்தார். கொளஞ்சி இடது கையால் எழுதப் பழகினாள். ஐப்பசியில் தென்னூர்ப் பள்ளியில் பெலிண்டா என்ற பெண், எங்களையும்தான் யாரும் கேட்கவில்லை என்றாள். அவள் கையும் மேலே போய் அங்கேயே நின்றது. பிறகு வகுப்பு வகுப்பாகப் பரவியது. அம்மா மண்டபம் சாலையில் பிள்ளைகள் நடந்து போனால், நிறுத்தம் இல்லாத இடத்திலெல்லாம் பஸ்கள் நின்றன. வைகுண்ட ஏகாதசியன்று இவர்கள் கைகள் மறைத்ததில் பெருமாளைச் சரியாகச் சேவிக்க முடியவில்லை என்று பின்னால் நின்றவர்கள் குறைப்பட்டார்கள். சௌரிராஜன் எதற்கும் அசையவில்லை. ஆனால் சொந்தப் பேத்தி ஜாஹ்னவி தூக்கிய கையோடு வந்து, "உங்க கடைசி எப்ப வரும், தாத்தா?" என்று கேட்டபோது அவருக்கு வெட்கமாகப் போயிற்று. மறுவாரமே கூட்டம் கூட்டினார்.

எடுத்த எடுப்பிலேயே, "சொல்லும்மா" என்றார்.

"எங்க பஸ் ஒன்பதேகாலுக்குத்தாங்க வருது. எட்டு மணின்னா நான் பரீட்சை எழுத முடியாது. என் தம்பிக்கு ஏழாவதோட சரி. இதைச் சொல்லத்தான் அன்னிக்கே கையைத் தூக்கினேன்" என்றாள் கொளஞ்சி.

கை இறங்கியது. அதே நேரத்தில் தென்னூரிலும் ஸ்ரீரங்கத்திலும் மற்றக் கைகளும் இறங்கின. உறுப்பினர்கள் அவள் தெளிவாகப் பேசியதாகப் பாராட்டினார்கள். பாராட்டிவிட்டு, எட்டு மணியே இருக்கட்டும் என்று ஐந்து பேர் கை தூக்கி ஓட்டுப் போட்டார்கள். சௌரிராஜன் எண்ணி முடித்தார். ஐந்து கைகளும் இறங்கவில்லை. காபி வந்தது, இடது கையால் குடிக்க யாருக்கும் மனம் வரவில்லை, டம்ளர்களில் ஆடை படர்ந்தது. சௌரிராஜனுக்கு வேறு வழி தெரியவில்லை. கொளஞ்சியைப் பார்த்து, "நீதான் சொல்லணும் போலிருக்கு" என்றார்.

அவள் மரத்துப் போயிருந்த வலது கையைத் தேய்த்துவிட்டுக்கொண்டே சொன்னாள்: "ஒன்பதரைன்னு எழுதிட்டு இறக்கிக்கங்க."

எழுதினார்கள். நான்கு கைகள் இறங்கின. எட்டு மணியை முதலில் முன்மொழிந்த அமிர்தராஜ் மட்டும் எழுதுவதற்குச் சம்மதிக்கவில்லை.

கொளஞ்சி பாஸ் செய்து இப்போது திருச்சியில் நர்சிங் படிக்கிறாள். தம்பி அதே பஸ்ஸில் ஒன்பதாவதுக்குப் போய்வருகிறான். அமிர்தராஜ் எல்லாக் கூட்டத்துக்கும் தவறாமல் வருகிறார். மின்விசிறி கையில் படாத இடமாகப் பார்த்து அவருக்கு நாற்காலி போடுகிறார்கள்.